ரைடு நின்னுச்சுன்னு ஒரே ஸ்டார் போட்டவங்க கவனத்துக்கு

இந்த தீம் பார்க்குக்கு போறதுக்கு முன்னாடி ரிவ்யூ எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், முக்கியமா ஒரே ஸ்டார் போட்டதை. அஞ்சு ஸ்டார்ல "செம்ம, ஃபேமிலியோட போலாம்"ங்கறதுக்கு மேல ஒண்ணும் இருக்காது, கடுப்புல எழுதறவங்க தான் விவரமா எழுதுவாங்க. படிச்சு பாத்தா பாதி பேரோட புகார் ஒரே ரகம். பெரிய ரோலர் கோஸ்டர் ஏத்தத்துலயே நின்னுடுச்சு, அரை மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தோம். பையன் ரெண்டு சென்டிமீட்டர் கம்மியாம், அழ அழ திருப்பி அனுப்பிட்டாங்க. காத்து அடிக்குதுன்னு உயரத்துல இருந்து விழற டிராப் டவரை மூடிட்டாங்க. சீட் லாக்கை திரும்ப திரும்ப இழுத்து பாக்கறாங்க, அதனால தான் க்யூ நகரவே மாட்டேங்குது. இதெல்லாம் படிக்க படிக்க எனக்கு இந்த பார்க் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு, சிரிக்காதீங்க, நெஜமா தான். நான் நாலு ஸ்டார் போடறேன், நாலும் மேல சொன்ன அதே காரணங்களுக்கு. அந்த அஞ்சாவது ஸ்டாரை ஏன் பிடிச்சு வச்சிருக்கேன்னு கீழ வரும், அதுக்கும் உயரத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல அந்த பெரிய கோஸ்டர். நாங்க போனப்பவும் நின்னுச்சு. ஏத்தத்துல பாதி வழியில டப்புன்னு நின்னு, பின் சீட்ல ஒருத்தர் கத்த ஆரம்பிச்சு, முன்னாடி ரெண்டு பேர் போனை எடுக்க பாத்து, மைக்ல ஒரு பொண்ணு ரொம்ப நிதானமா "யாரும் லாக்கை தொடாதீங்க, பத்திரமா தான் இருக்கீங்க, டிரெயின் பின்னாடி போகாது"ன்னு சொல்லுச்சு. அது சும்மா சமாதானத்துக்கு சொன்னது கிடையாது. ஏத்தத்துல போறப்ப கடக் கடக்னு ஒரு சத்தம் கேக்குமே, பல பேர் அது செயின் சத்தம்னு நினைக்கறாங்க, ஆனா அது டிரெயினுக்கு அடியில இருக்கற ஒரு கொக்கி, தண்டவாளத்துல இருக்கற பல்லு மேல ஒவ்வொண்ணா ஏறி விழற சத்தம். செயின் அறுந்தாலும் அந்த கொக்கி பல்லுல மாட்டிக்கும், பின்னாடி உருளாது. ஜான் மில்லர்னு ஒரு அமெரிக்க டிசைனர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு பேடண்ட் வாங்கிட்டாரு. தண்டவாளத்துக்கு கீழயும் ஒரு சக்கரம் ஓடற மாதிரி வச்சு, வண்டி மேல கிளம்பி போகாம பண்ணதும் அவரு தான், 1919. இன்னிக்கும் ஏறக்குறைய எல்லா கோஸ்டரும் அந்த ரெண்டு ஐடியா மேல தான் ஓடுது. அந்த கொக்கி வேலை செய்யலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு லண்டன் பேட்டர்சீ பார்க் இருக்கு, 1972ல இழுக்கற கயிறு அறுந்து, பின்னாடி உருளாம பிடிக்க வேண்டியதும் பிடிக்காம, டிரெயின் ரிவர்ஸ்ல போயி அஞ்சு குழந்தைங்க செத்துப்போச்சு.

சரி, ஏன் நிக்குது? ஒரு கோஸ்டர்ல ஒரே நேரத்துல ரெண்டு மூணு டிரெயின் ஓடும். தண்டவாளத்தை பிளாக் பிளாக்கா பிரிச்சிருப்பாங்க, ரயில்வே சிக்னல்ல எப்படியோ அதே தான், ஒரு பிளாக்ல ஒரு டிரெயின் தான் இருக்கலாம், முன்னாடி பிளாக் காலியாச்சுன்னு சென்சார் சொன்னா தான் பின்னாடி இருக்கறது விடுபடும். சொல்லலன்னா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அங்கங்க நிறுத்திடும். சில நேரம் முன்னாடி டிரெயின்ல யாரோ இறங்க லேட் பண்ணியிருப்பாங்க, சில நேரம் சென்சார்ல தூசி. அப்போ அது நின்னா கோளாறுன்னு அர்த்தமா? வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இங்க தான் நான் இங்கிலாந்து ஆல்டன் டவர்ஸ் கதையை சொல்லியே ஆகணும், ஏன்னா ஒரு ஸ்டார் போட்டவங்க எல்லாரும் அதை ஒரு தடவையாவது கேக்கணும். ஸ்மைலர்னு ஒரு கோஸ்டர், 14 தடவை தலைகீழா போகும், உலக ரெக்கார்டு. 2015 ஜூன் 2. கூட்டத்துக்காக கூட ஒரு டிரெயின் சேத்து, டெஸ்ட்டுக்கு காலியா அனுப்பினாங்க, அது சுத்தி முடிக்காம நடுவுல பள்ளத்துல சிக்கி நின்னுடுச்சு. அதுக்கு பின்னாடி 16 பேரோட ஒரு டிரெயின் ஏத்தத்துல. கம்ப்யூட்டர் சரியா கண்டுபிடிச்சு நிறுத்திடுச்சு. ஆனா இன்ஜினியருங்க, தண்டவாளத்துல ஒரு டிரெயின் நிக்கறது தெரியாம, சிஸ்டம் தப்பா சொல்லுதுன்னு நினைச்சு ஓவர்ரைடு பண்ணி, அதாவது அது போட்ட தடையை மீறி, அனுப்பிட்டாங்க. நேரா போயி மோதுச்சு. ரெண்டு இளம் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு கால் போச்சு, சிக்கினவங்களை எறக்க நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கம்பெனிக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். மெஷின் தன் வேலையை கரெக்டா பண்ணுச்சு, அதை பண்ண விடல. குக்கர் விசில் தொல்லையா இருக்குன்னு வெயிட்டை கையால அமுக்கி பிடிச்ச கதை.

அதனால இங்க நின்னப்ப நான் பாத்தது என்னன்னா, எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஓட்டறாங்கன்னு இல்ல, ஓட்டறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு. யூனிஃபார்ம்ல ரெண்டு பேர் படிக்கட்டு வழியா ஏறி வந்தாங்க, ஒருத்தர் தண்டவாளத்தை முழுசா கண்ணால பாத்துட்டு ரேடியோல ஒவ்வொரு டிரெயின் நம்பரையும் சொல்லி "ஸ்டேஷன்ல ஒண்ணு, பிரேக்ல ஒண்ணு, ஏத்தத்துல ஒண்ணு"ன்னு எண்ணினாரு, அந்த பக்கம் இருந்து திருப்பி சொன்னாங்க. அப்புறமும் எங்களை ஓட்டி அனுப்பல, ஒவ்வொரு வரிசையா லாக்கை திறந்து கைப்பிடிச்சு நடக்க வச்சு கீழ கூட்டிட்டு வந்துட்டாங்க, காலி டிரெயினை மூணு தடவை சுத்த விட்டு தான் திரும்ப ஆள் ஏத்தினாங்க. க்யூல நின்னவங்க கூச்சல் தாங்கல. எனக்கு அந்த ஸ்டேஷன் இன்சார்ஜ் பொண்ணை பாத்து கை தட்டணும் போல இருந்துச்சு.

உயரம் அளக்கற கம்பி விஷயத்துல சண்டை போட்ட அப்பா ஒருத்தரை நானும் பாத்தேன். "ரெண்டு சென்டிமீட்டர்ல என்னங்க ஆயிடும், நான் தான் பக்கத்துல உக்காரறேனே, பிடிச்சுக்கறேன்." அண்ணே, பிடிக்க முடியாது. இறக்கத்துல உடம்பு சீட்டை விட்டு எழும்பற அந்த நொடியில உங்களையே மடி மேல வர்ற அந்த பார் தான் பிடிச்சு வச்சிருக்கு, நீங்க யாரை பிடிப்பீங்க. உயரக் கணக்கு வயசுக்கு போட்டது கிடையாது, மடியில வர்ற பார் தொடை மேல உக்காருதா, இல்ல வயித்துக்கும் பாருக்கும் நடுவுல ஒரு குழந்தை நழுவற அளவுக்கு இடம் இருக்கான்னு போட்டது. ஒரே பார் ரெண்டு பேருக்கும் சேத்து வர்ற ரைடா இருந்தா இன்னும் மோசம், அப்பாவோட தொப்பையில பார் நின்னுடும், பக்கத்துல பையனுக்கு காத்து தான். அந்த ஆபரேட்டர் பையன் சின்ன வயசு தான், இருபது கூட இருக்காது, ஆனா குனிஞ்சு குதிகால் தரையில படுதான்னு பாத்தான், ஷூவுக்குள்ள எதுவும் வச்சிருக்காங்களான்னு பாத்தான், "சாரி சார்"னு சொல்லிட்டு அடுத்த ஆளை கூப்பிட்டான். சூப்பர்வைசர் வந்தாரு, அவரும் அதே தான் சொன்னாரு. அது தான் முக்கியம், கீழ இருக்கறவன் முடியாதுன்னு சொன்னதை மேல இருக்கறவர் வந்து முடியும்னு மாத்தல. முழு ஒரு ஸ்டார் அதுக்கே.

டிராப் டவர். பாக்க தான் வயித்தை கலக்கும், ஆனா கீழ வந்து நிக்கற விஷயத்துல இது தான் எனக்கு ரொம்ப நம்பிக்கையான ரைடு. இந்த மாதிரி டவர் நிறைய காந்த பிரேக்ல நிக்கும், காந்தத்துக்கு நடுவுல உலோக தகடு வேகமா போனா தகட்டுல கரண்ட் உருவாகி அதுவே எதிர்த்து இழுக்கும், எவ்வளவு வேகமா வர்றீங்களோ அவ்வளவு பலமா பிடிக்கும். கரண்ட் கட் ஆனாலும் காந்தம் காந்தம் தான், பிரேக் போடுன்னு யாரும் சொல்ல வேண்டியதே இல்ல. கவலைப்பட வேண்டியது உங்க தோள் மேல வர்ற அந்த ஹார்னெஸ் பத்தி. 2022 மார்ச்ல அமெரிக்காவுல ஆர்லாண்டோவுல ஒரு டவர், 430 அடி, 14 வயசு பையன் ஒருத்தன் கீழ வர்றப்ப சீட்டை விட்டு நழுவி விழுந்து செத்துட்டான். அவன் பெரிய உடம்பு, அந்த ரைடோட எடை வரம்பு 130 கிலோ, அவன் அதை விட ரொம்ப அதிகம். அப்போ ஹார்னெஸ் சரியா மூடாதே, மூடலன்னா லைட் எரியாதே, ரைடு கிளம்பாதே, எப்படி கிளம்புச்சு? விசாரணையில தெரிஞ்சது, அந்த சீட்டோட சென்சாரை யாரோ கையால தள்ளி வச்சு, இடைவெளி வழக்கத்தை விட அதிகமா இருந்தாலும் லாக் ஆயிடுச்சுன்னு லைட் எரியற மாதிரி பண்ணியிருந்தாங்க. சீட் பெல்ட்டும் கிடையாது. அதுக்கு அப்புறம் புளோரிடாவுல உயரமான டவருக்கு ஹார்னெஸோட பெல்ட்டும் கட்டாயம்னு சட்டமே போட்டாங்க.

மறுபடியும் அதே தான் பாருங்க. மெஷின் முடியாதுன்னு சொல்லுச்சு, மனுஷன் அதை தலையாட்ட வச்சான்.

இந்த பார்க்ல ஹார்னெஸுக்கும் சீட்டுக்கும் நடுவுல தனி பெல்ட் இருக்கு, க்யூ ஆரம்பத்துலயே ஒரு டெஸ்ட் சீட் போட்டிருக்காங்க, சரியா மூடலன்னா அங்கயே தெரிஞ்சுடும், எல்லார் முன்னாடியும் மேல போயி அசிங்கப்பட வேண்டாம். என் மாமா கொஞ்சம் கனமான ஆளு, டெஸ்ட் சீட்ல உக்காந்தாரு, மூடல, "சரி விடு, நான் பை பாத்துக்கறேன்"னு போயிட்டாரு. பார்க் பண்ணினதுலயே ரொம்ப நாகரிகமான வேலை இது.

வாட்டர் ஸ்லைடு பத்தி சுருக்கமா: மேல இருக்கறவர் கீழ இருக்கற லைஃப்கார்டு கை காட்டற வரைக்கும் அடுத்த ஆளை விடல, ராஃப்ட்ல, அதாவது மிதவையில, ஏறறவங்களை தராசு மேல ஏத்தி மொத்த எடை பாத்தாங்க. எடை கம்மியா இருந்தாலும் பிரச்சனை, அதிகமா இருந்தாலும் பிரச்சனை, சமமா உக்காரலன்னாலும் பிரச்சனை. கேன்சஸ் சிட்டியில ஃபெருக்ட்னு 51 மீட்டர் உயரத்துல உலகத்துலயே உசரமான ஸ்லைடுன்னு கட்டினாங்க, 2016ல ராஃப்ட் ரெண்டாவது மேட்டுல அந்தரத்துல எழும்பி, மேல வலையை தாங்கற இரும்பு வளையத்துல மோதி 10 வயசு பையன் போயிட்டான். அதுல உடம்பை பிடிச்சு வச்சது வெல்க்ரோ பட்டை. அப்புறம் பிரிச்சே எடுத்துட்டாங்க. கால் குறுக்க போட்டு கையை நெஞ்சுல கட்டிக்கோன்னு சொன்னா கட்டிக்கோங்க, அவ்வளவு தான்.

இப்போ அந்த அஞ்சாவது ஸ்டார். ரிவர் ராப்பிட்ஸ், வட்ட படகுல குடும்பமா உக்காந்து நனையறது. பாட்டியில இருந்து பொடிசு வரைக்கும் ஏறும், யாரும் பயப்பட மாட்டாங்க, அதனால தான் யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. ஆஸ்திரேலியாவுல ட்ரீம்வேர்ல்டுல 2016 அக்டோபர் 25, இதே மாதிரி ரைடு, 1986ல இருந்து ஓடிட்டிருந்தது. பம்பு ஒண்ணு அன்னிக்கு ஏற்கனவே ரெண்டு தடவை நின்னு திரும்ப ஓட விட்டிருக்காங்க. மூணாவது தடவை நின்னப்ப தண்ணி மட்டம் இறங்கி ஒரு படகு, படகுகளை இழுத்துட்டு போற கன்வேயர் பெல்ட் முடியற இடத்துல தட்டி நின்னுடுச்சு, கன்வேயர் மட்டும் ஓடிட்டே இருந்து அடுத்த படகை கொண்டு வந்து மோத விட்டுடுச்சு. நாலு பேர் செத்தாங்க. விசாரணையில வந்த விவரம் இன்னும் கொடுமை, தண்ணி இறங்கினா தானா நிறுத்தற சென்சார் அதுல கிடையாது, சுவத்துல படிஞ்ச கறையை பாத்து தான் மட்டம் சரியா இருக்கான்னு ஆபரேட்டர் சொல்லணும். அதே ஆபரேட்டர் ஆளையும் ஏத்தணும், இறக்கணும், பேனலையும் பாக்கணும். 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டாங்க.

அதனால நான் எங்க போனாலும் ராப்பிட்ஸ்ல ஏறறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாப்பேன். இங்க பாத்தப்ப ஏத்தற இடத்துல ஒரே ஒரு பையன். படகை காலால நிறுத்தி, ஆளை ஏத்தி, பெல்ட் போட சொல்லி, ஓடிப்போயி பட்டன் அமுக்கி, திரும்ப ஓடி வந்து இறங்கறவங்களுக்கு கை குடுத்துட்டு இருந்தான், பாவம் வேர்த்து ஊத்துது. கன்வேயர் பக்கம் கேமரா மானிட்டர் ஒண்ணு இருக்கு, அதை பாக்க ஆளே இல்ல. எமர்ஜென்சி ஸ்டாப் எங்க இருக்கு தம்பின்னு கேட்டேன், ரெண்டு செகண்டு யோசிச்சு தான் காட்டினான். அந்த ரெண்டு செகண்டு தான் என் அஞ்சாவது ஸ்டார். நாங்க ஏறல. பெரிய கோஸ்டர்ல ஆறு பேர் நிக்கறாங்க, இங்க ஒருத்தன். பயமா தெரியற இடத்துல ஆளை போட்டுட்டு ஜாலியா தெரியற இடத்துல விட்டுட்டாங்க.

பெண்டுலம் மாதிரி ஆடி சுத்தற ரைடுல ஏறினேன், நல்லா இருந்துச்சு, ஆனா இந்த வகை ரைடு பத்தி ஒரு உண்மையை சொல்லிடறேன், வெளிய நின்னு பாக்கறவங்களால இதுல பெருசா எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, துரு உள்ள இருக்கும். 2017ல ஒஹாயோ ஸ்டேட் ஃபேர்ல ஃபயர் பால்னு ஒரு ரைடு, அன்னிக்கு இன்ஸ்பெக்ஷன் எல்லாம் முடிச்சு தான் ஓட்டினாங்க, ஆடிட்டு இருக்கறப்பவே ஒரு வரிசை சீட் பிஞ்சு பறந்துச்சு, 18 வயசு பையன் ஒருத்தன் செத்தான். தயாரிச்ச கம்பெனி பின்னாடி சொன்னது, சீட்டை தாங்கற குழாயோட உள் பக்கம் துரு அரிச்சு அரிச்சு சுவர் மெலிஞ்சு போச்சுன்னு. 18 வருஷ பழசு. கண்ணால பாத்து டிக் அடிக்கற செக்கிங்ல இது மாட்டாது, அல்ட்ராசவுண்ட் வச்சு தடிமன் பாக்கணும், வெல்டிங்ல காந்தப்பொடி தூவியோ சாயம் தடவியோ மயிரிழை கிராக்கை தேடணும், அதுக்கு ரைடை பிரிக்கணும், அதுக்கு நாள் கணக்குல மூடணும். "சீசன் இல்லாதப்ப போனோம், ரெண்டு ரைடு மெயின்டெனன்ஸ்னு மூடி வச்சிருக்காங்க, ஏமாத்து வேலை"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு பாருங்க, அந்த போர்டை பாத்தா நான் சந்தோஷப்படுவேன். கெஸ்ட் சர்வீஸ்ல போயி இந்த ரைடுக்கு கடைசியா வெளி ஆள் வந்து இன்ஸ்பெக்ஷன் பண்ணது எப்போன்னு கேட்டேன், முதல்ல முழிச்சாங்க, அப்புறம் டெக்னிக்கல் ஆள் ஒருத்தரை கூப்பிட்டாங்க, அவரு தேதியோட ஃபைலை எடுத்து வந்து காட்டினாரு, எரிச்சலே படல. நீங்களும் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

சாதாரண ஆளு கண்ணுக்கு எதுவுமே தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல கேரோவின்ட்ஸ் பார்க்ல ஃபியூரி 325, 325 அடி உயர கோஸ்டர், 2023 ஜூன் கடைசியில அதை தாங்கற தூண்ல பெரிய கிராக், டிரெயின் போறப்ப தூண் ரெண்டா விலகுது, அதை பாத்து வீடியோ எடுத்தது பார்க் ஆளு கிடையாது, குடும்பத்தோட வந்த ஒரு விசிட்டர். அவர் சொல்லி தான் மூடினாங்க, புது தூண் போட்டு ஆகஸ்ட்ல திறந்தாங்க. அதனால ஏதாவது வித்தியாசமா பாத்தீங்கன்னா இன்ஸ்டால போடறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ஆபரேட்டர் கிட்ட சொல்லுங்க, அவர் கேக்கலன்னா அவருக்கு மேல ஆளை தேடுங்க.

கோ-கார்ட்ல நீள முடியை கட்டி ஹெல்மெட்டுக்குள்ள விட சொல்றாங்க, தொங்கற துணி இருந்தா ஏத்த மாட்டாங்க. பின் ஆக்ஸில்ல சுத்திக்கிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க எதிர்த்து பேச மாட்டாங்க. பல பார்க்ல இதை சும்மா போர்டுல எழுதி வச்சதோட சரி, இங்க நெஜமாவே பாக்கறாங்க.

குழந்தைங்க ஏரியா சுமார். அக்கா பொண்ணை குட்டி டிரெயின்ல உக்கார வச்சப்ப பெல்ட் பக்கிள் கிளிக்குன்னு சத்தம் வருது, இழுத்தா வந்துடுது. அங்க இருந்த ஆபரேட்டர் அக்கா "அது அப்படி தான் சார், மெதுவா தான் போகும், பாப்பா கம்பியை பிடிச்சுக்கட்டும்"னாங்க. மெதுவா போகுதுன்னா அப்போ பெல்ட் எதுக்கு வச்சீங்க? நாலு வயசு குழந்தை நடுவுல எந்திரிச்சு அம்மாவுக்கு டாட்டா காட்டும், அதுக்கு தானே பெல்ட். சூப்பர்வைசரை கூப்பிட்டதும் அந்த பெட்டிக்கு குறுக்க மஞ்சள் டேப் ஒட்டி மூடிட்டாரு, அது வரைக்கும் நல்ல விஷயம். ஆனா காலையில முதல் ஆள் ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கிளையும் இழுத்து பாத்திருந்தா நான் கூப்பிட வேண்டி இருந்திருக்காது, அங்க டெய்லி செக் ஷீட்ல எல்லா கட்டத்துலயும் டிக் அழகா இருந்துச்சு, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சுல போட்ட மாதிரி.

ஆக நாலு ஸ்டார். ராப்பிட்ஸுக்கு இன்னும் ரெண்டு ஆள் போட்டு, ஒருத்தரை அந்த மானிட்டர் முன்னாடியே உக்கார வச்சா அஞ்சாக்கிடறேன், பார்க் ரிப்ளை பண்றவங்க இதை மேல சொல்லுங்க ப்ளீஸ், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு காப்பி பேஸ்ட் வேண்டாம். அடுத்து போறவங்க யாராவது அந்த குட்டி டிரெயினை பாத்துட்டு பக்கிள் மாத்திட்டாங்களா, இல்ல டேப்பை மட்டும் பிச்சுட்டு ஓட்டறாங்களான்னு இங்க எழுதுங்க. மூணாவது பெட்டி, இடது பக்க சீட்டு.